ஆர்லோ பெக்கமின் படல் பரீட்சை

ஆர்லோ பெக்கம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதற்குப் பிறகு அவர் முழுசாகப் படித்தவை இரண்டுதான்: மாட்டுச் சந்தையின் விலைப்பட்டியல், செய்தித்தாளில் தன் பெயர். அவருக்கு எத்தனை மாடு என்று நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டார்கள். மாட்டுக்காரனிடம் எண்ணிக்கை கேட்பதும் அவன் மடியை அவிழ்த்துப் பார்ப்பதும் எங்கள் பக்கத்தில் ஒன்று. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்டவர் கல்வி வள்ளல் ஆனதற்குக் காரணம் ஒரு கடிகாரம். 1949இல் வங்கி மேலாளர் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். பத்திரிகையில் படத்தோடு வந்தது. பெக்கமுக்கு வயிறு எரிந்தது. மறுவாரமே, வருஷத்துக்கு ஒரு பிள்ளையைத் தன் செலவில் கல்லூரிக்கு அனுப்புவதாக அறிவித்துவிட்டார். அவர் படமும் வந்தது, மேலாளர் படத்தைவிடப் பெரிதாக.

பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே! மதிப்பெண் பட்டியல் அவருக்கு எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒன்றுதான். அதனால் தனக்குத் தெரிந்த பரீட்சையை வைத்தார். விண்ணப்பித்த பிள்ளையைப் பிக்கப் வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்து, மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப் போவார். வழியில் கம்பிப் படல் வரும். ஓட்டுகிறவர் அசைய மாட்டார். பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கித் திறந்து, வண்டி போனதும் மூட வேண்டும். அது எங்கள் பக்கத்துச் சட்டம். பெக்கம் படலின் கம்பியை அநியாயத்துக்கு முறுக்கி வைத்திருப்பார். தோளைக் கம்பத்தில் கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்தால்தான் படலைக் கம்பத்தோடு பிணைக்கிற வளையம் கழலும்.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு பையன், திறந்தே கிடந்த படலைப் பார்த்து, பெரியவருக்கு உதவி செய்வதாக நினைத்துப் பொறுப்பாக மூடிவிட்டான். மாடுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழி அது. படலை எப்படிக் கண்டாயோ அப்படியே விட்டுப் போ என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கே அவன் கல்லூரிக் கனவு முடிந்தது. காளைமாடு மாதிரி தோள் கொண்ட ஒருவன் தேறினான். பல் மருத்துவன் ஆனான். அவனிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் இன்றும் பெக்கமைத் திட்டுகிறார்கள்.

இத்தனை பரீட்சைக்கும் பீன்ஸ் வேகவைத்து, காப்பி போட்டுக் கொடுத்தவள் அவருடைய ஒரே மகள் நெல்டா. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நெல்டா தானாகத்தான் வளர்ந்தாள், படலைத் திறந்து மூடியே. பதினெட்டு வயதில் ஆசிரியர் கல்லூரிக்குப் போகிறேன் என்று கேட்டாள். அம்மா அப்போதுதான் இறந்திருந்தாள். "நீ போயிட்டா படலை யாரு திறப்பா?" என்றார் அப்பா. மூன்று வருஷம் கழித்து ஊர்ப் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கியபோதும் இவள் பேச்சு வரவில்லை. பதினேழு பிள்ளைகளுக்கு அவள்தான் பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

1966இல் பெக்கமுக்குக் கண்ணில் புரை. தபால் பெட்டிகள் மூன்றை வரிசையாக இடித்த பிறகு, ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து ஓட்டுவதும் நெல்டா, இறங்கிப் படல் திறப்பதும் நெல்டா. அவர் பக்கத்தில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஆகஸ்டில் ஒரு நாள் மேற்குப் படலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியவள் இறங்கவில்லை.

"இந்த வருஷம் நானும் விண்ணப்பிக்கிறேன்ப்பா."

"முப்பத்தெட்டு வயசுலயா? சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காரப் போறியா? எறங்கு, படலைத் திற."

"ஓட்டுறவங்க எறங்கறதில்லப்பா. பக்கத்துல இருக்கிறவங்கதான் எறங்கணும்."

அவர் கோபத்தில் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். தான் முறுக்கிய கம்பியோடு தானே மல்லுக்கட்டினார். தொப்பி விழுந்தது. சட்டை கிழிந்தது. கால் மணி நேரத்தில் ஒருவழியாகத் திறந்தார். அவள் வண்டியை உள்ளே விட்டாள். மூடத்தான் முடியவில்லை. வளையம் கம்பத்துக்கு ஒரு சாண் எட்டாமல் நின்றது. இரண்டு காளைகள் வெளியே போகிற யோசனையோடு அருகில் வந்தன.

"பாத்துக்கிட்டே இருக்கியே, வந்து ஒரு கை புடிச்சா என்ன?"

நெல்டா இறங்கினாள். ஒரே இழுப்பில் வளையத்தை மாட்டினாள்.

"இதை இருபது வருஷமா செய்றேன்ப்பா. என்னைத் தேறலன்னு யாரு சொன்னது?"

அவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். சரி என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் அவள் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள். வீடு வரும்வரை காத்துப் பார்த்தாள். அம்மா அவள் பெயரில் விட்டுப்போன பசுக்களை அந்த வாரமே விற்றுவிட்டு, பெட்டியோடு கல்லூரிக்குப் போய்விட்டாள்.

கிழவர் குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. இந்த வருஷ உதவி தன் மகளுக்கே என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துவிட்டார். நெல்டா அதை விடுதியில் படித்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். நாலு வருஷம் கழித்து ஆசிரியையாகத் திரும்பி வந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்தவரை மனம் கோணாமல் பார்த்துக்கொண்டாள். அப்போதும் அவர் அவள் படிப்புப் பேச்சை எடுக்கவில்லை.

1971இல் அவர் போனார். தேவாலயம் நிறைந்துவிட்டது. வெளியூர்களிலிருந்தெல்லாம் கார் வந்தது. அவர் படிக்கவைத்த இருபத்திரண்டு பேரின் பெயரையும் பாஸ்டர் லூதி வாசித்தார். வந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கால்நடை மருத்துவர் எழுந்தார். இரண்டு வக்கீல்கள் எழுந்தார்கள். அந்தப் பல் மருத்துவனும் எழுந்தான். நெல்டா பெக்கம் என்று வாசித்தபோது யாரும் எழவில்லை. துக்கத்தில் காதில் விழவில்லை போலும் என்று பாஸ்டர் இன்னொரு தரம் வாசித்தார்.

முன்வரிசையில் இருந்த நெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு பாஸ்டர். இருபத்தொண்ணுன்னு படிங்க. அதுவே ஒரு மனுஷனுக்குப் பெரிய புண்ணியம்தான். என்னை எங்கப்பா படிக்க வைக்கல."

பாஸ்டர் சட்டைப்பையில் பேனாவைத் தேடி எடுத்து, அங்கேயே நின்று அந்தப் பெயரை அடித்தார்.