புதன்கிழமை அத்தை

என் கணவர் புதன்கிழமைகளில் மட்டும் நல்ல முகத்தோடு வீட்டுக்கு வந்தார். எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் ஆசிரியர். எங்கள் இருவருக்கும் ஊர் மதுரைப் பக்கம். கல்யாணமாகி இரண்டு வருடம் அவர் மலையிலும் நான் ஊரிலுமாக இருந்தோம். பிறகு நர்ஸ் வேலையில் எனக்கும் அங்கேயே போஸ்டிங் கிடைத்து, வந்து சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தனியாக இருந்த இரண்டு வருடத்தில் ஒரு ஆம்பிளை என்னென்ன பழகியிருப்பானோ என்ற கேள்வியையும் பெட்டி படுக்கையோடு சேர்த்துத்தான் மலைக்குக் கொண்டு வந்திருந்தேன்.

வாரம் முழுக்க இருவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஐந்து வகுப்புக்கு அவரும் இன்னொருவரும் மட்டுமே. விடுதிப் பொறுப்பு வேறு அவர் தலையில். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தால் அடுத்ததற்கு வயிற்றுப்போக்கு. எனக்கோ தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஏறி இறங்க வேண்டும், நடுவில் பிரசவம் வந்தால் அதையும் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை தொடங்கினால் சனிக்கிழமைவரை ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவோம். இதில் புதன்கிழமை மட்டும் ஒரு மனிதர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

பள்ளி நாலு மணிக்கு விடும். வீடு பத்து நிமிட நடை. புதன்கிழமை மட்டும் ஐந்தரை ஆகும். கேட்டால், "வேலை" என்பார். பேன்ட்டின் கீழ்மடிப்பில் ஊசிப்புல் ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்து வேலையில் ஏது ஊசிப்புல்? அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். சாக்பீஸ் தூளும் வியர்வையும்தான் மணக்கும். வேறு வாசனை இல்லாததே இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. ஜாக்கிரதையான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை விடுதிப் பக்கம் போனேன். அன்று சாயங்காலம் பிள்ளைகள் ஓடைக்குத் துணி துவைக்கப் போவார்கள். அவருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நேரம் அது. சமையல்கார அம்மா மட்டும் இருந்தாள். சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சார் எங்கக்கா?"

"இன்னா நர்ஸம்மா, தெரியாதா உனுக்கு? புதங்கெழமன்னா அத்தப் பாக்காம சாரு வூட்டுக்கு வரமாட்டாரே. செத்த நாழி குந்திக்கினு இருந்துட்டுதான் வருவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு.

எந்த அத்தை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மானம் தடுத்தது. புருஷன் எங்கே போகிறான் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அப்படியே திரும்பி வந்தேன்.

அதற்கடுத்த மூன்று வாரமும் நான் மனுஷியாகவே இல்லை. எந்த வீட்டுக்கு ஊசி போடப் போனாலும் அங்கே இருக்கும் பெண்களைத்தான் முதலில் அளந்தேன். அத்தை என்று ஊரே கூப்பிடுகிறது என்றால் என்னைவிட மூத்தவள். நாற்பது இருக்குமா? புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்த ஒரு விதவை, "சாரு சௌக்கியமா?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, பதில் சொல்லாமல் முறைத்துவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் போனது. ஒரு குழந்தையின் ஊசியை இன்னொரு குழந்தையின் பெயரில் எழுதினேன். இந்த ஆளோடு இனி இருக்க முடியாது என்று முடிவு செய்து, ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு மனு எழுதினேன். அடுத்த புதன்கிழமை காலை, செங்கத்துக்கு இறங்கிய ஜீப்பில் அதைக் கொடுத்தனுப்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போவதற்கு முன் அவளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

சாயங்காலம் பின்தொடர்ந்தேன். பள்ளிக்குப் பின்னால் மேடேறி, சமையல்கார அம்மாவின் கொல்லைக்குள் போனார். அங்கே ஒரு பலா மரம். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாறைமேல் வைத்தார், செருப்பைக் கழற்றினார், உட்கார்ந்தார். மரத்தின் அடியில், வேரோடு ஒட்டி, ஒரு பலாக்காய் காய்த்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புதருக்குப் பின்னால் கொசுக்கடியில் நின்று அவள் வருவாள் வருவாள் என்று காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஒருத்தியும் வரவில்லை. கிளம்பும்போது காயை ஒருமுறை தடவிக் கொடுத்தார். அதற்கு மேல் பொறுக்காமல் வெளியே வந்தேன்.

"எங்க உங்க அத்தை?"

அவர் திடுக்கிட்டார். "எந்த அத்தை?"

"அத்தப் பாக்காம வூட்டுக்கு வரமாட்டாராமே நீங்க. சமையல்காரக்கா சொன்னா."

என்னையும் பலாக்காயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அத்தை இல்லம்மா. அத்த. அதை. இந்தப் பக்கத்துல அதைங்கறத அப்படித்தான சொல்லுவாங்க? இதத்தான் சொல்லியிருக்கா." பலாக்காயைக் காட்டினார்.

எனக்குத் தெரியாததில்லை. தினமும் யாராவது ஒருத்தி கட்டியைக் காட்டி, "இத்தப் பாரும்மா" என்பாள், நானும் பார்ப்பேன். அத்தை என்றால் "அத்தையப் பாக்காம" என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். சந்தேகப்பட்ட காதுக்கு அந்த வேற்றுமை உருபு விடுபட்டது கேட்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சும்மா விடுவியா? அப்படியே ஒரு குடம் தண்ணி கொண்டாங்கன்னு சொல்லியிருப்ப. இதுங்கிட்ட வந்தா யாரும் எதுவும் கேக்கறதில்ல. வாரம் பாதியில இப்படி உக்காரலேன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

சொல்லியிருப்பேன்தான். அதனாலேயே கோபம் அதிகமானது. பொம்பிளை என்றால் தலைமுடியைப் பிடித்திருக்கலாம். பலாக்காயை என்ன செய்வது? அதோடு, அதே வாரத்தைத்தான் நானும் சுமக்கிறேன். எனக்கு எங்கே இப்படி ஒரு முக்கால் மணி என்று பொறாமையும் வந்தது. மாற்றல் மனுவைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். கிடைக்கவா போகிறது என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. அந்த ஊருக்குத் தபால் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும். அவர் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"எப்ப எழுதுன?"

"அந்தப் புதன்கிழமை."

"வந்து பாக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

"ஊர்ல யாரு இருக்கா?"

"யாருமில்லங்க. உங்கமேல சந்தேகப்பட்டு எழுதினேன்."

அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது அவர் சோற்றைப் பிசைந்த விதத்திலேயே தெரிந்தது. உத்தரவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்து மலையிலேயே இருந்துவிட்டேன். அதையும் அவர் சந்தேகமாகத்தான் பார்த்தார். கொல்லைக்குப் போவதை நிறுத்திவிட்டு, புதன்கிழமையும் நாலு பத்துக்கே வீட்டுக்கு வந்து நின்றார். நான் இருக்கிறேனா என்று பார்க்க வந்தது போல இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கும் ஒன்று கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் என் துணை சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு முடித்ததும், சிரிஞ்சு கொதிக்க வைத்த வெந்நீர் அடுப்பில் மிஞ்சியிருக்கும். அதை எனாமல் பேசினில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு காலை உள்ளே வைப்பேன். கால் மணி நேரம்தான். வாரமெல்லாம் நடந்த வலி பாதத்திலிருந்து இறங்குவது தெரியும். ரிஜிஸ்டர் மறந்துபோகும், அவர் முகம்கூட மறந்துபோகும். அவருக்கு அந்த மரத்தடி எதற்குத் தேவைப்பட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவம் என்றுகூடத் தோன்றியது.

நாலாவது வெள்ளிக்கிழமை கதவடியில் வெளிச்சம் மறைந்தது. அவருடைய இரண்டு செருப்பும் தெரிந்தன; வகுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"யாரு உள்ள?"

"நான்தான்."

"வேற யாரு?"

"யாருமில்ல."

எழுந்துபோய்க் கதவைத் திறந்து, பேசினைக் காட்டியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவரும் சிரித்திருப்பார், நானும் சிரித்திருப்பேன். ஆனால் திறந்து காட்டிவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வெந்நீர் என்னுடையதாக இருக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தண்ணீர் ஆறும்வரை செருப்பு அங்கேயே இருந்தது. நான் காலை எடுக்கவில்லை.