விடுமுறை நாளில் பார்த்த சோதனை

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில், மிஷின்களின் சூட்டைக் கண்காணிக்கும் கம்பியில்லாக் கருவிகளைப் பொருத்தினோம். மோட்டார்கள் ஓடும்போது எழும் மின் இரைச்சலில், கருவிகள் அனுப்பும் தகவல் சிதைந்துதான் வந்து சேரும். பேட்டரியில் இயங்கும் ரிசீவர் அதைத் திரும்பத் திரும்ப அலசிப் பிழை திருத்த வேண்டும். கூடுதலாக அலசினால் தகவல் சரியாகும். ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும், எச்சரிக்கையும் தாமதமாகும். எத்தனை முறை அலசுவது என்பதை மில் ஓடும்போது பார்த்து முடிவு செய்யலாம் என்றேன்.

எங்கள் மேலாளர் விடுமுறை நாளில்தான் வந்தார். ஓடும் மில்லுக்குள் நுழைந்தால் சட்டையில் பஞ்சு ஒட்டுமாம். நின்றுகிடந்த மிஷின்களுக்கு நடுவே எல்லாத் தகவலும் முதல் அலசலிலேயே சரியாக வந்தது. “ஒரு தடவை போதும்ப்பா. பேட்டரியும் மிச்சம், நேரமும் மிச்சம்” என்று அதையே நிரந்தரமாக்கிவிட்டுப் போனார். என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் மில் ஓடத் தொடங்கியதும் ஒரு தகவலும் தேறவில்லை. போனில் சொன்னேன்.

“இதுக்குப் போயி இம்புட்டுப் பதட்டமா? மிஷினையெல்லாம் செத்த நேரம் நிறுத்திட்டுப் பாரு, சரியா வரும்” என்றார்.

சாயங்காலம் கரண்ட் போனது. மிஷின்கள் நின்று, ஆறின. அவர் சொன்னபடியே தகவல் அத்தனையும் பிசகில்லாமல் என் போனுக்கு வந்தது: எந்த மிஷினிலும் சூடு இல்லை.