சம்பு முளைத்த மனை

கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். அந்த நிலத்தைப் பற்றி நாங்கள் எழுதும் ஒரு சொல்லைப் பொறுத்தே ஒரு பெண்மணியின் வீடு எழும் அல்லது எழாது என்றிருந்தது. அத்தகைய இடத்தில் ஊகம் கலந்த வாக்கியம் அநீதி.

கீழ்க்கட்டளைக்கு அருகே, அடுக்குமாடிகளுக்கு நடுவே கிடந்த மனை அது. வீடு கட்ட அனுமதி கிடைக்காத சதுப்பா, அதாவது நன்னீர் ஈரநிலமா, அன்றா என்பதைச் செடி, நீர், மண் ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்துவது எங்கள் பணி. செடிகள் என் பொறுப்பு. மண் என் தோழருடையது. கோடை முற்றியிருந்தும் சம்பு ஆளுயரம் நின்றது. சதுப்பு என்று எழுதக் கை பரபரத்தது.

“இன்னா சார், புல்லப் பாத்தே முடிவு பண்ணிட்டீங்களா?” என்றார் மனைக்குரிய அம்மையார்.

“புல் இல்லம்மா, சம்பு. தண்ணி நிக்கிற எடத்துலதான் வரும்.”

“நிக்கும் சார். பின்னாடி அபார்ட்மெண்ட்ல பைப்ப இந்தப் பக்கம் வுட்டுக்கினு இருக்காங்க. குளிக்கிறது அவங்க, சதுப்பு எனக்கா?”

மதிலோரம் சென்று பார்த்தேன். குழாய் இருந்தது, சோப்பு நுரையோடு நீர் வழிந்துகொண்டிருந்தது. சம்பைச் சான்றாகக் கொள்ள இனி வழியில்லை.

தோழர் நிலத்தைத் துளைத்தார். கொட்டி நிரப்பிய கட்டட இடிபாட்டுக்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். பழைய வேர்த்தடங்களில் துருச்சிவப்பு.

“இது நேத்து வந்த தண்ணி இல்லம்மா. வருஷக்கணக்கா தண்ணி நின்ன மண்ணு” என்றார் தோழர்.

“நிக்காம? எங்க மாமனார் ஏரித் தண்ணி பாய்ச்சி நெல்லு போட்ட எடம் சார் இது.”

தோழர் துளைக்கருவியைத் துடைத்தார். நெல்வயலும் மண்ணில் அதே நிறத்தைத்தான் விட்டுச்செல்லும்.

“அப்போ காஞ்ச நிலம்னு எழுதிக் குடுங்க.”

அதையும் எழுத முடியவில்லை. ஏரிநீர் பாய்ச்சுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை எதுவும் சொல்லவில்லை. குழாயை அடைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கண்ட பின்னரே வகைப்படுத்த இயலும் என்று எழுதி, அவருக்கும் சொன்னோம்.

“அவங்க அடைக்கணும், அப்பறம் மழை வரணும், அப்பறம் வெயில் அடிக்கணும். நான் எப்ப சார் வூடு கட்றது?”

பேருந்தேறினேன். இருக்கை காலியாக இருந்தும் உட்காரவில்லை. தாம்பரத்தில் இறங்கும்வரை நகத்திடுக்கின் களிமண்ணைச் சுரண்டியபடி நின்றேன். பிறகு பலமுறை, வேறு வேலையாகப் போவதாக எனக்கே சொல்லிக்கொண்டு, அங்கே சென்றிருக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோதும் குழாய் வழிந்துகொண்டிருந்தது, வீடு எழவில்லை.

அந்தக் குழாய்நீர் வருவது நின்றால் சம்பு எஞ்சுமா என்பது எனக்குத் தெரியாது. அந்த நிலம் சதுப்புதானா என்பதும் தெரியாது.