குனிந்து பார்க்கிற கமரா

போன ஞாயிறு ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டப் போகிறார்கள். நான் கமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி குனிந்து நின்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரி ஒருவர் எழுந்து வந்து என் முதுகைத் தடவினார்.

"என்ன தம்பி, வயிறு சரியில்லையோ? சோடா ஏதும் கொண்டு வரட்டோ?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. என் கமரா அப்படி! மற்றவர்கள் கமராவைக் கண்ணில் வைப்பார்கள். இதை வயிற்றில் வைக்க வேண்டும். அரை றாத்தல் பாண் ரொட்டியை நிமிர்த்தி வைத்த அளவில் ஒரு பெட்டி. முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் — மேலே உள்ளது நான் பார்க்க, கீழே உள்ளது பிலிம் பார்க்க. மேல் மூடியைத் திறந்தால் உள்ளே சின்னதாக ஒரு சதுரக் கண்ணாடி. எதிரில் நிற்பவர் அதில் தெரிவார். நான் குனிந்து நிலத்தைப் பார்ப்பதாகச் சனம் நினைக்கும். நான் பார்ப்பதோ எதிரில் நிற்பவரை!

ஒரேயொரு குழப்பம்... அந்தக் கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் உள்ளே இடப்பக்கம் நகர்வார். பிலிமில் எல்லாம் சரியாகத்தான் விழும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

கமரா கிடைத்தது ஒஷாவாவில், ஒரு யார்ட் சேலில். பழைய சுத்தியல்களுக்கும் பூச்சாடிகளுக்கும் நடுவில் கிடந்தது. இந்த வகைக் கமராக்கள் பெரும்பாலும் கறுப்பு. இதற்கோ கரும்பச்சைத் தோல்! பார்த்த மாத்திரத்தில் கை தானாக நீண்டுவிட்டது. பற்றரி இல்லை, ஃபிளாஷ் இல்லை, ஒரு றோலுக்குப் பன்னிரண்டே படம். ஷட்டர் சத்தமா? இமை கொட்டினால் சத்தம் வரும் என்றால் அவ்வளவுதான் வரும். எனக்கு அதில் ஆசை இல்லை, காதல். என் மனைவி அதை "உங்கட மூத்த தாரம்" என்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். மனைவியின் தங்கை வதனி, டோர்செட் பார்க்கில் எங்களோடு பதினாலாம் மாடியில்தான் இருக்கிறாள். போன மாதம் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அஜக்ஸில், கம்பியூட்டர் வேலை. கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் எதிரெதிரே இரண்டு கதிரை. இரண்டு பேரும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், சாட்சி சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும், ஆளைப் பிடித்திருக்கிறதா என்று மனைவி கேட்டார். "பரவாயில்லை" என்றாள் வதனி. அவள் வாயிலிருந்து "பரவாயில்லை" வந்தால் கலியாண ஹோல் பிடிக்க ஓடவேண்டியதுதான்.

ஆனால் முடிவு லண்டனில் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் அங்கே மகளோடு இருக்கிறார். படம் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டாராம். மனைவி ஸ்டூடியோவுக்குப் போவோம் என்றார். நான் விடுவேனா? வீட்டில் இப்படியொரு கமரா இருக்க ஸ்டூடியோவா?

அடுத்த ஞாயிறு காலை, பல்கனி வெளிச்சம், நீலப் பட்டுச்சாறி. அவளை நடுவில் கொண்டுவர நான் நகர, கண்ணாடியில் அவள் எதிர்ப்பக்கம் ஓட, நான் இன்னும் நகர்ந்து... கதவில் முட்டிக்கொண்டேன். வதனி வாய்விட்டுச் சிரித்தாள். அதுதான் படம்!

எங்கள் பக்கத்துக் கடைகளில் இந்த பிலிமைத் தொடமாட்டார்கள். டவுன்டவுனில் ஒரு கடை இருக்கிறது, அங்கே கழுவக் கொடுத்தேன். படம் வந்தது. அச்சொட்டாக நான் கண்ணாடியில் கண்டது போலவே இருந்தது. பூரித்துப் போனேன். வதனிக்கும் ஒரே சந்தோஷம். மற்றப் படங்களில் தான் யாரோ மாதிரி இருப்பாளாம். இதில்தான், தலை வாரும்போது கண்ணாடியில் பார்க்கிற தன் முகம் அப்படியே இருக்கிறதாம். மனைவி கண்ணுக்குப் பல்கனியில் கிடந்த, வீடு கூட்டுகிற தும்புத்தடி மட்டும்தான் தெரிந்தது. படம் லண்டனுக்குப் போனது.

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் வதனிதான் முதலில் ஓடினாள். பதினோராம் நாள், சம்பந்தம் பேசிய தவமணி அன்ரி நேரிலேயே வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"தாய்க்காரிக்கு ஒரு சந்தேகம். பிள்ளைக்கு வலக் கன்னத்தில மச்சம் எண்டு மகன் சொன்னவனாம். படத்தில இடக் கன்னத்தில கிடக்கு. கோயிலில ஒரு பிள்ளையைக் காட்டிப்போட்டு, படத்தில வேற பிள்ளையை அனுப்பியிருக்கினமோ எண்டு கேக்கிறா."

இது சின்ன விஷயமா? 'ஆளை மாத்திப்போட்டினம்' என்று லண்டனில் ஒரு வாய் சொன்னால், பாரிஸ் சுற்றி ஸ்காபரோ வர ஒருநாள் போதும். பிறகு எந்தச் சம்பந்தம் வரும்? வதனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்களைப் பார்த்து என்ன கேள்வி இது என்று குதித்தேன்.

மனைவி குதிக்கவில்லை. எங்கள் பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ... இவள் எந்தத் தோளில சாறித் தலைப்பைப் போட்டிருக்கிறாள்?"

வலத் தோளில். மணிக்கூடும் வலக் கையில். எங்கள் ஆட்களில் யார் வலத் தோளில் தலைப்புப் போடுவார்கள்? ஓடிப்போய் நெகற்றிவ்வை எடுத்து, ஓரத்து எழுத்துகள் நேராக வரும்படி ஜன்னலில் பிடித்தேன். அதில் தலைப்பு இடத் தோளில். மச்சம் வலக் கன்னத்தில். பிரிண்ட் போட்டவர் நெகற்றிவ்வைப் பிரட்டி வைத்துவிட்டார்!

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வதனியைக் கண்டாரா, சாறியைத்தான் கண்டாரா? அவளைத் தினமும் காண்கிற எனக்கு எங்கே போனது புத்தி? கண்ணாடியில் மாறித்தான் முதலில் பார்த்தேன். மாறி வந்ததே சரி என்று நம்பிவிட்டேன். மனிதர்களையும் நாம் இப்படித்தானே... முதலில் எப்படிக் கண்டோமோ, அதைத்தானே பிடித்துத் தொங்குகிறோம்.

வெட்கத்தை விட்டு லண்டனுக்கு ரெலிபோன் எடுத்தேன். மாப்பிள்ளையின் தாய்தான் எடுத்தார். பிழை என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அன்ரி, ஒரு உதவி. அந்தப் படத்தை ஒருக்கால் முகம் பாக்கிற கண்ணாடிக்கு முன்னால பிடிச்சுப் பாருங்கோ."

றிசீவரை வைக்கும் சத்தம். காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. திரும்பி வந்தவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஓம் தம்பி, வலக் கன்னம்தான். பாவம், என்ர மகனை நான் மூண்டு தரம் கேட்டனான். மூண்டு தரமும் வலம் எண்டுதான் சொன்னவன். சரி, நல்ல நாளாப் பாருங்கோ. ஆனால் கலியாணத்துக்குப் படம் எடுக்க வேற ஆரையும் பிடியுங்கோ."

அறைக் கதவு திறந்தது. வதனி அங்கிருந்த மற்ற ரெலிபோனை எடுத்து முழுவதையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் பல்கனியில் சிரித்த அதே சிரிப்பு.

"அத்தான்... அவர் அண்டைக்கு முழுக்க நிலத்தைத்தானே பாத்துக்கொண்டு இருந்தவர்?"

நானும்தானே பார்த்தேன். மனிதர் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை.

குனிந்து நிலத்தைப் பார்த்தபடியே எதிரில் இருப்பவரைப் பார்க்கிற வித்தை என் கமராவுக்கு மட்டும்தான் தெரியும் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்!