வார்டன் வெளியே சாப்பிடப் போன நாள்

அந்த விடுதியில் சாவு அதிகம். அறுபது பெண்கள் தங்கியிருக்கும் இடத்தில் மாதத்துக்கு நாலு மாமா, இரண்டு சித்தி, போதாக்குறைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் என்று யாராவது செத்துக்கொண்டே இருப்பார்கள். அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்.

காரணம் வேறொன்றுமில்லை. இரவு எட்டரைக்கு மேல் வெளியே இருக்க வேண்டுமானால் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் நுழையும் தகுதி நாலே நாலு விஷயங்களுக்குத்தான் உண்டு: சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, ஊரிலிருந்து வருகிற பெண் உறவினரை ரயிலடிக்குப் போய் அழைத்துவருவது. அழைத்துவரலாம், வழியனுப்பக் கூடாது. வருகிறவள் கூடவே வந்து நின்றால் சொன்னது நிஜம் என்று தெரியும், போகிறவள் போய்விட்டால் யார் கண்டது? கல்யாணத்துக்குப் பத்திரிகை காட்ட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சீட்டு காட்ட வேண்டும். சாவுக்கு மட்டும் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. அதனால்தான் மாமாக்கள் மடிந்தார்கள்.

விடுதியைச் சொல்லி என்ன, ஊரே அப்படித்தான். இருட்டிய பிறகு பெண்கள் மட்டும் போனால் ஹோட்டலில் உட்கார இடம் தர மாட்டார்கள், பொட்டலம் கட்டித் தருவார்கள். ஆணும் பெண்ணுமாகப் போனால் என்ன உறவு என்று கேட்பார்கள். பார்க்கில் ஏழு மணிக்கு விசில் ஊதுவார்கள். இதெல்லாம் சட்டமா, வழக்கமா, எவனோ ஒருவன் வயிற்றெரிச்சலில் தொடங்கிவைத்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆனால் எல்லாரும் கடைப்பிடித்தார்கள்.

விடுதியில் கடைப்பிடிக்க வைத்தவள் வார்டன். இருபத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பூட்டு'. அது அவளுக்கும் தெரியும். வாசல் கதவை ஒட்டிய சின்ன அறை, ஒரு ஜன்னல், தலையணைக்கடியில் சாவி வளையம். நாலரைக்கு எழுந்து காலை ஷிஃப்ட் நர்ஸுகளுக்குத் திறந்துவிட்டால், பால், தண்ணீர் மோட்டார், குளியலறைச் சண்டை என்று நாள் முழுக்க நின்றபடியே ஓடும். சாயங்காலத்துக்குள் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும். அவளுக்கு இருந்த ஒரே பெருமை, அவள் மேலே அனுப்பிய சீட்டு ஒன்றுகூட இந்த இருபத்திரண்டு வருடத்தில் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்ததில்லை என்பது. கையெழுத்துப் போடுகிற விடுதிச் செயலாளர் எதை ஒத்துக்கொள்வார், எதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்கு அத்துப்படி. தேறாததை இங்கேயே கழித்துவிடுவாள். அந்த மனுஷருக்கு எதற்கு வீண் தொந்தரவு.

இந்தக் கதை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தொடங்கியது. சமையல்காரம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் மகன் வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வரப்போவதில்லை. பதினெட்டு வருடமாக அறுபது பேருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சியதை அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டவள். வார்டனுக்கு இந்த ஊரில் பேச்சுத்துணை என்று இருந்ததும் அவள் ஒருத்திதான்.

"ஒரே ஒரு தடவை அடுத்தவங்க சமைச்சதை உக்காந்து சாப்பிடணும் வார்டனம்மா," என்றாள் சமையல்காரம்மா, கையில் சாம்பலோடு. "சூடா. இன்னும் கொஞ்சம் வேணுமான்னு ஒருத்தர் கேக்கணும். நான் எந்திரிக்கவே கூடாது."

"நாளைக்குப் போவோம்க்கா," என்று வார்டன் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவன்கூட இத்தனை யோசித்திருக்க மாட்டான். வார்டனும் சீட்டு எழுத வேண்டும், என்ன காரணம் எழுதுவது? சாவி யாரிடம் இருப்பது? இரண்டு பெண்களை எந்த ஹோட்டலில் உட்காரவைப்பார்கள்?

சனிக்கிழமை காலை இந்தக் குழப்பத்தில் அவள் மேசையில் உட்கார்ந்திருந்தபோது கண்ணாடிக் கடைப் பெண் வந்து நின்றாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், இரண்டாம் மாடி, அதிர்ந்து பேசத் தெரியாதவள். கூடப் படித்த தோழி ஒருத்தி இன்று ஒரு நாள் மட்டும் இந்த ஊரில் இருக்கிறாளாம். ஒன்பதரை ரயிலில் போகிறாளாம், கடல் தாண்டி வேலைக்கு. இனி எப்போது பார்ப்போமோ தெரியாது, அதுவரை கூட இருந்து சாப்பிட்டுவிட்டு ஏற்றிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். வார்டன் பாதிதான் கேட்டாள். இப்படி எழுதினால் செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார், வேறு ஏதாவது இருந்தால் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் சீட்டு வந்தது. மாமா காலமாகிவிட்டார். வார்டன் பதிவேட்டைப் பின்பக்கமாகப் புரட்டினாள்.

"உன் மாமா மார்ச் மாசமே போயிட்டாரேம்மா," என்றாள்.

அந்தப் பெண் வாதாடவில்லை. இன்னொரு மாமா என்று சொல்லியிருக்கலாம், நிறைய பேர் சொல்வார்கள். சீட்டை நாலாக மடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் வார்டன் தன் சீட்டை எடுத்தாள். அவளுக்கும் ஒரு சித்தப்பா இருந்தார், நல்ல திடகாத்திரமாக. அவரைச் சாகடித்தால் காரியம் முடிந்துவிடும். பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தாள். கை வரவில்லை. அடுத்தவர்கள் கொன்றதைப் பதிவேட்டில் ஏற்றுவது வேறு, தானே கொல்வது வேறு. கடைசியில், 'சமையல்காரம்மாவுடன் வெளியில் உட்கார்ந்து சாப்பிட' என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். நிச்சயம் மறுத்துவிடுவார். மறுத்தால் நல்லதுதான் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. காலை நீட்டிப் படுத்துவிடலாம், பழி செயலாளர் தலையில் போகும்.

பகல் வாட்ச்மேன் வழக்கம்போல் பதினொரு மணிக்குச் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு செயலாளர் ஆபீஸுக்குப் போனார், வழக்கம்போல் நாலு மணிக்கு வந்தார். எல்லாச் சீட்டிலும் கையெழுத்து இருந்தது. அவளுடையதிலும் இருந்தது.

ஏதாவது கேட்டாரா என்றாள் வார்டன். வாட்ச்மேன் விழித்தார்.

"அவர் எங்கம்மா படிக்கிறாரு? எப்பவும் போன்ல பேசிட்டே இருப்பாரு. நான் இடத்தைக் காட்டி விரல வைப்பேன், அவர் போடுவாரு. நான் சேந்த நாள்லேருந்து அப்படித்தான்."

வாட்ச்மேன் சேர்ந்து பதினேழு வருடம் ஆகிறது.

வார்டன் சீட்டுக்கட்டை வாங்கி மேசையில் வைத்தாள். அவர் போன பிறகு பழைய பதிவேடுகள் இருந்த அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சீட்டும் திரும்பி வராததற்குத் தன் சாமர்த்தியம்தான் காரணம் என்று நினைத்திருந்தாள். எதைப் போட்டிருந்தாலும் திரும்பி வந்திருக்காது. 'மழையில் நடக்க' என்று எழுதிய டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அதற்கு ஒரு மணி நேரம் புத்தி சொல்லி அனுப்பியவள் இவள்தான். அந்த டைப்பிஸ்ட் அடுத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இத்தனை காலம் 'செயலாளர் ஒத்துக்க மாட்டார்' என்று சொன்னாளே, அந்தச் செயலாளர் யார்? இவளேதான்.

சமையலறைக்குப் போய்ச் சொன்னாள். சமையல்காரம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமலே, பெண்கள் பயந்ததெல்லாம் உங்களுக்குத்தான், அந்த ஆள் முகம்கூட யாருக்கும் தெரியாதே என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மணி நாலரை. இந்த இடத்தில் வார்டன் செய்ததை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. இரண்டு மாடி ஏறி, கண்ணாடிக் கடைப் பெண்ணிடம் 'கிளம்பும்மா, நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்ல நேரம் இருந்தது. அந்தப் பெண்ணின் நினைப்பும் வந்தது. ஆனால் சாவி? வார்டன் வெளியே போனால் பொறுப்பான ஒருத்தியிடம் சாவி இருக்க வேண்டும். பகல் வாட்ச்மேன் ஆறு மணிக்குப் போய்விடுவார், ராத்திரிக் காவலுக்கு ஆள் கிடையாது. சனிக்கிழமை பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் எட்டரை வரை வெளியே சுற்றுவார்கள்; சாவியை வாங்கிக்கொள்ள விடுதியில் மிஞ்சுவது காய்ச்சலில் படுத்த இரண்டு பேர், கைக்கடிகாரத்தையே தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒருத்தி, அப்புறம் அனுமதி கிடைக்காத கண்ணாடிக் கடைப் பெண். அவளை அனுப்பினால் சமையல்காரம்மாவின் ஒரு ராத்திரி போய்விடும். நாளை விடிந்தால் பஸ். வார்டன் மாடி ஏறினாள், சாவியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் சரி மேடம் என்றாள். எட்டரைக்கு மேல் சீட்டு இல்லாமல் யாருக்கும் திறக்காதே என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சமையல்காரம்மா கடைசிச் சமையலை முடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வர எட்டு மணி ஆனது. இரண்டு தெரு தள்ளி, மாடியில் மின்விசிறி ஓடுகிற ஹோட்டல். ஒவ்வொரு படியிலும் சமையல்காரம்மா நின்று மூச்சு வாங்கினாள். மேலே கல்லாவில் இருந்தவர் இரண்டு பேருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று சமையல்காரம்மா முந்தானையை இழுத்தாள். வார்டன் அவள் முழங்காலைப் பார்த்தாள், இறங்க வேண்டிய படிகளைப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் பின்னால வர்றாரு," என்றாள்.

காலையில் ஒரு சித்தப்பாவைக் கொல்லக் கை வராதவள், ராத்திரி ஒரு அண்ணனை நின்றபடியே பெற்றுவிட்டாள். மூன்று பேர் மேசை, மூன்று தட்டு, மூன்று டம்ளர். பரிமாறுகிறவன் அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். மீன் பிடிக்கும் என்று சமையல்காரம்மா துணிந்து சொன்னாள். சூடாக சூப் வந்தது, ரொட்டி வந்தது, வறுத்த மீன் வந்தது. இன்னும் கொஞ்சம் வேணுமாம்மா என்று பையன் கேட்டபோது சமையல்காரம்மா அவன் முகத்தையே பார்த்தாள். வேணும் என்றாள். கண் கலங்கியிருந்தது. மிளகு தூக்கல், மீனை இன்னும் கொஞ்சம் வேகவிட்டிருக்கலாம் என்று தொழில் புத்தி சும்மா இருக்காமல் குறையும் சொன்னாள், தட்டைத் துடைத்துச் சாப்பிடவும் செய்தாள். ஒருதரம்கூட எழுந்திருக்கவில்லை.

இரண்டு பேருக்குமே பேசத் தெம்பு இல்லை. வார்டன் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆற்றிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே காலியாக இருந்த தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அண்ணன் நினைப்பு வரவில்லை, நாலாக மடித்த ஒரு சீட்டுதான் வந்தது. சார் இன்னும் வரலையே என்று பையன் நாலாவது தடவை கேட்டபோது, வேலை வந்துவிட்டது போலிருக்கிறது, அவர் பங்கைக் கட்டிக் கொடு என்று சொல்லி எழுந்தாள். அந்தப் பொட்டலம் யாருக்கு என்று சமையல்காரம்மா கேட்கவில்லை.

திரும்பியபோது பத்து மணி. கண்ணாடிக் கடைப் பெண் வாசல் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பிக் கதவுக்கு அப்பால் நின்ற வார்டனிடம் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். சாப்பாடு நல்லா இருந்ததா மேடம் என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

சமையல்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வார்டன் பொட்டலத்தை நீட்டினாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"இனிமே மாமா கீமான்னு எழுதாதே. எங்க போறியோ அதையே எழுது. நான் அனுப்புறேன். உன் சிநேகிதியைப் பாக்க எப்ப வேணா போ."

"அவ போயிட்டா மேடம். ஒன்பதரை ரயில்." பெண் சாவி வளையத்தை மேசையில் வைத்தாள். "எட்டே முக்காலுக்கு இங்க வந்தா. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னே கொஞ்ச நேரம் பேசிட்டுப் போனா."

"சாவிதான் உன்கிட்ட இருந்துச்சே. திறந்து உள்ள கூப்பிட்டிருக்கலாமே."

அந்தப் பெண் வார்டனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எட்டரைக்கு மேல யாருக்கும் திறக்காதேன்னு நீங்க சொல்லிட்டுப் போனீங்களே மேடம்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் வார்டனுக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் வேலையை நினைத்து வெட்கமாக இருந்தது. நான் சொன்னது தப்பு என்று சொல்வதற்குப் பதிலாகப் பொட்டலத்தை மறுபடி நீட்டினாள். அந்தப் பெண் பசிக்கவில்லை மேடம் என்று பொட்டலத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, குட்நைட் சொல்லி மாடி ஏறினாள்.

வார்டன் பதிவேட்டைத் திறந்து தன் பெயருக்கு நேரே திரும்பிய நேரத்தை எழுதினாள். பிறகு எழுந்து போய்ப் பார்த்தாள். அந்தப் பெண் வாசலைச் சரியாகவே பூட்டியிருந்தாள்.