பாவு முடியட்டும் சார்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஓட்டின் மேல் இருந்தேன். தூறலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் குடித்தனக்காரர். ஒரு வீட்டுச் சொந்தக்காரனுக்கு இது தேவையா?

கேளுங்கள்.

எனக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. அப்பா வைத்துவிட்டுப் போனது. ஆனால் நான் குடியிருப்பது செவிலிமேட்டில், வாடகைக்கு. தெரு முழுக்கக் கேட்கிற தறிச் சத்தம் என் மனைவிக்கு ஆகவில்லை. ஆக, வீட்டுக்காரனும் நான்தான், குடித்தனக்காரனும் நான்தான்.

செவிலிமேட்டு வீடு உங்களுக்குத் தெரியும். மழை வந்தால் சமையலறையில் தளம் ஒழுகுவதையும், வீட்டுக்காரர் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்றே காலத்தை ஓட்டுவதையும் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் வயிறெரிந்து எழுதியிருக்கிறேன். அந்த மனிதர் வைகாசியில் வந்தார். மகன் மாற்றலாகி வருகிறானாம். ஆனிக்குள் காலி செய்ய வேண்டுமாம். ஆனி போனால் ஆடி... ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? அவர் மகனும் மாற மாட்டான், என் மனைவியும் மாட்டாள்.

சத்தம் இருந்தாலும் சொந்த வீட்டுக்கே போய்விடலாம் என்று ஓடினேன். அங்கே குடியிருப்பவர் ஏகாம்பரம், பட்டு நெய்கிறவர். மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை.

"போயிடறோம் சார். பாவு ஓடிக்கினு இருக்குது. முடிஞ்சதும் தறியைப் பிரிச்சுடறேன்."

இதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் வாய் திறக்க முடியாது. கூடத்தில் குழி வெட்டி இறக்கிய தறி. மூன்று புடவைக்கான பட்டு இழை அதில் இழுத்துக் கட்டியிருக்கிறது. அதுதான் பாவு. பாதியில் அவிழ்த்தால் பட்டு பாழ். அப்போது ஒன்றரைப் புடவை பாக்கி இருந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் போய் ஜன்னலருகே நிற்பேன். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணாலேயே அளப்பேன். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு முழம்கூட இல்லையே? நாலாம் நாள் அவர் மனைவி சரசு, சார் வந்து நின்றால் அவருக்குக் கை ஓடவில்லை என்று பக்குவமாகச் சொன்னாள். அப்புறம் தெருமுனையிலேயே நின்று காது கொடுத்தேன். என் மனைவிக்கு ஆகாத அதே சத்தம்தான். அது கேட்டால்தான் சைக்கிளைத் திருப்புவேன்.

செவ்வாய்க்கிழமை அது நின்றது. வானம் மூடிக்கொண்டு தூற ஆரம்பித்திருந்தது. உள்ளே ஓடினேன். பாவின் மேல் தார்ப்பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் நிற்கிறார்கள். மேலேயிருந்து சொட்டுகிறது. பட்டு நனைந்தால் சாயம் இறங்கும், நெய்யக் கொடுத்த முதலாளி புடவையைத் தொட மாட்டார். எனக்கோ ஆனி போய்விடும்!

பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன். தார்ப்பாயைச் சரசுவிடம் விட்டுவிட்டு ஏகாம்பரம் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். நாலு ஓடு உடைந்திருந்தது. மாற்று ஓடு கொல்லையிலேயே கிடந்தது... எப்போதோ நானே வாங்கிப் போட்டது. அரை மணி நேர வேலை. இறங்கி வந்து, "இனிமேல் சொட்டாது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

ஏகாம்பரம் மேலே பார்த்தார். கோபமே இல்லை.

"இந்த நாலு ஓட்டைத்தான் சார் ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் தளத்தைப் பார்க்க மாட்டேங்கிறார்னு புஸ்தகத்துல எழுதியிருந்தீங்களே... இவதான் படிச்சுக் காட்டினா. ரொம்ப சிரிச்சோம் சார்."

ஏணியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வெளியே நடந்தேன். அவமானமாக இருந்தது. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று ஏகாம்பரத்திடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இதை எழுதும்போது இன்னும் அரை முழம் பாக்கி. ஆனி முடியவும் நாலு நாள் பாக்கி. முடிந்துவிடும். ஒழுகாத வீட்டில் நாங்கள் போய்ப் பால் காய்ச்சுவோம்.

ஏகாம்பரம் அடுத்த தெருவில் வீடு பார்த்துவிட்டாராம். உள்ளே போனதும் தறிக்குழிக்கு இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லையாம். முதலில் அண்ணாந்து ஓட்டைப் பார்த்தாராம்.

வீட்டுக்காரர் பத்திரிகையில் ஏதாவது எழுதுகிறவரா என்றும் விசாரித்தாராம்.