நல்லமுத்து அக்காவின் கொடிக்காலும் என் இங்கிலீஷும்

போன மாதம் புக்கிட் மெர்தாஜாமில், மகள் வீட்டில், நல்லமுத்து அக்கா காலமானார். அவரைப் பற்றி நாலு வரி எழுதி வைக்கச் சொல்லிப் பழைய கெலுகோர்க்காரர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். அவரை அறிந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானாம். அக்காவின் துரதிர்ஷ்டமே அதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் செய்ததைப் பற்றி அக்கா யாரிடமும் வாயைத் திறக்காமலே போய்விட்டார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. அந்த விஷயத்தில் எனக்கு என்றைக்குமே அலுப்புத் தட்டியதில்லை. பெயர் நூர் முகம்மது. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக் கிடங்கில் கிராணி வேலை. வந்து இறங்கும் பெட்டிகளின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுவதுதான் உத்தியோகம். என் இங்கிலீஷ் முக்கால்வாசி அந்தப் பெட்டிகளிடம் கற்றது. ‘தலைகீழாக வைக்காதே’, ‘ஈரம் படாமல் வை’ என்ற இரண்டையும் துரைமார் மாதிரியே சொல்வேன். ஆனால் காலில் பூட்ஸ், தலையில் துருக்கித் தொப்பி, சட்டைப் பையில் பேனா. சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் எந்த வீட்டுக்கு வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். புரியாவிட்டால் புருவத்தைச் சுருக்கி, பெரிய விஷயம் என்பேன். பாதிக் காகிதங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அக்காவிடம் இந்தப் பாசாங்கெல்லாம் கிடையாது. மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு, சிறுகச் சிறுகச் சேர்த்து கெலுகோரில் ஒன்றரை ஏக்கர் வாங்கி, கிராண்ட் என்கிற நிலப் பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, வெற்றிலைக் கொடிக்கால் போட்டார். தண்ணீர் ஒரு குடம் கூடினால் கொடி அழுகும், குறைந்தால் வாடும். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழையக் கூடாது. நானும் படலுக்கு வெளியே பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். கழற்றியதுமே என் படிப்பில் பாதி குறைந்துவிட்டதாகத் தோன்றும். சௌராஸ்தா மார்க்கெட்டில் அக்காவின் கூடை இறங்குவதற்குள் ஆள் கூடிவிடும். சுற்றிலும் இப்படிப் பன்னிரண்டு குடும்பங்கள். சிலருக்கு வெற்றிலை, சிலருக்குக் கீரை, சிலருக்கு மாட்டுப்புல். அந்த மண் போனால் அவர்கள் திரும்பவும் தோட்டத்துக் கூலிதான்.

இருபத்தேழாம் வருஷம் சிலர் சங்கிலியும் கொம்புகளுமாக வந்து நிலத்தை அளந்தார்கள். நான் போய் இங்கிலீஷில் விசாரித்தேன். கொசுவை ஒழிக்கக் கால்வாய் வெட்டப்போகிறோம் என்றார்கள். வீடு வீடாகப் போய் அந்தச் செய்தியைச் சொன்னவன் நான்தான். அக்கா மட்டும் அவர்கள் நட்டுவிட்டுப் போன அளவுக் கற்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

“கால்வாய்னா நீளமா போவும் தம்பி. இது என்னா, சதுரமா போவுது?”

உங்களுக்கு இஞ்ஜினியரிங் தெரியாது அக்கா என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும் என்பது போல.

மறு வாரமே உண்மை வந்துவிட்டது. நில ஆபீஸில் பியூனாக இருந்த கமால் அக்காவிடம் தினமும் வெற்றிலை வாங்குகிறவர். மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். ஆபீஸில் ஒரு படம் இருக்கிறதாம். அதில் பன்னிரண்டு தோட்டங்களுக்கும் சிவப்பு மை பூசி, ரப்பர் ஆலைகள், கிடங்குகள் என்று எழுதியிருக்கிறதாம். கெஜட்டில் வரும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவாம்.

அக்கா அன்றைக்கே பன்னிரண்டு குடும்பத்தையும் கூட்டி, மனுக் கொடுப்பது என்று முடிவு செய்தார். எழுதும் பொறுப்பு வேறு யாருக்கு? பத்து நாள் எழுதினேன். முதல் பக்கம் முழுக்க வணக்கம். இரண்டாம் பக்கத்தில் சக்கரவர்த்தியின் உடல்நலத்தை விசாரித்திருந்தேன். நிலம் என்ற பேச்சே மூன்றாம் பக்கத்தில்தான் வரும்.

மனு முடிவதற்குள் நில ஆபீஸ் துரையே இடத்தைப் பார்க்க வந்துவிட்டார். அக்காவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் துரை கப்பலிலிருந்து இறங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, மலாய் தெரியாது. ஆபீஸ் மொழிபெயர்ப்பாளருக்கு அன்று காய்ச்சல். துரை பூட்ஸைக் கழற்றவில்லை, ஆகவே படலுக்கு வெளியே நின்றார். அவருக்குத் துணையாக நானும் பூட்ஸோடு நின்றேன்.

அக்கா பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்தார். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சானாலும் நிலப் பேச்சானாலும் வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. அப்புறம் மாறமுடியாது. பன்னிரண்டு குடும்பமும் சுற்றி நின்றது.

“தொரை, இந்த மண்ணை எடுக்க மாட்டோம்னு வாக்குக் குடுங்க. குடுத்தா இந்த வெத்தலைய எடுத்துக்குங்க. முடியாதுன்னா தொடாதீங்க,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சொல்லு தம்பி,” என்றார்.

இவ்வளவு நேரான பேச்சை நான் எந்தப் பெட்டியிலும் படித்ததில்லை என்று சாக்குச் சொல்லலாம். வேண்டாம், வார்த்தை தெரியும். துரை என் தொப்பியையும் பூட்ஸையும் பார்த்து லேசாகத் தலையசைத்திருந்தார். அந்த ஒரு தலையசைப்பை இழக்க எனக்கு மனசு வரவில்லை. வெட்கங்கெட்ட மனசு. இந்த அம்மாள் தங்களுக்கு மரியாதை செய்கிறார் ஐயா என்று சொன்னேன்.

துரை சிரித்த முகத்தோடு வெற்றிலையை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். இதை மறக்க மாட்டேன் என்றார். என்ன சொல்கிறார் என்று எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“மறக்க மாட்டேங்கிறார்,” என்றேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை பாருங்கள். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று அங்கே பெண்கள் அழுதார்கள். ஒரு கீரைத் தோட்டக்காரர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கொடுத்தேன், கையை.

மனுவை எப்போது கொடுப்பது என்று மறுநாள் பேச்சு வந்தது. அக்காவே தடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்த மனுஷனிடம் மனுவை நீட்டினால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போல ஆகிவிடும் என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மனு மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. உண்மையைச் சொல்ல அதன்பிறகும் இரண்டு மாதம் இருந்தது. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று தூங்கப் போனேன். நன்றாகத் தூங்கவும் தூங்கினேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பிறகு நோட்டீஸ் வந்தது. பன்னிரண்டு தோட்டங்களையும் ஆலைகளுக்காகச் சர்க்கார் எடுத்துக்கொள்கிறது. கெஜட்டில் வந்த அறிவிப்புக்கு ஆட்சேபம் சொல்லும் கெடு போன மாதத்தோடு முடிந்தது. வழக்கம்போல அதை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்குப் புருவம் சுருங்கவில்லை. முதல் தடவையாக ஒரு சர்க்கார் காகிதம் எனக்கு ஒரு வரி பாக்கியில்லாமல் புரிந்தது.

வெற்றிலையை வாங்கிவிட்டு வாக்கு மாறியவன் என்று ஒரு மாதம் அக்கா துரையைத் தூற்றாத நாளில்லை. கிணற்றடியில், மார்க்கெட்டில், கோயிலில் எல்லாம் அதே பேச்சு. துரைமார் வாக்கே அப்படித்தான் அக்கா என்று நானும் கூடவே தலையாட்டினேன்.

நஷ்டஈடு பேச ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா முறை வந்தபோது, ஆபீஸ் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், எங்கள் தம்பி இருக்கிறான் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அறையில் துரை, அக்கா, நான். வெளுத்த சேலை கட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார் அக்கா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“என் கையால வெத்தலை வாங்குனாரு. வாங்கிட்டு எப்படி மாறலாம்னு கேளு.”

இன்னொரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பார். அவர் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு குடும்பத்துக்குமாக நியாயம் கேட்க வந்து நின்ற முகம்.

“அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டத நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அடிக்கவில்லை. துரை பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

“பாவம், வாக்கே குடுக்காத மனுசன். ஒரு மாசமா வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. இதையாவது முழுசா சொல்லு.”

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எதற்கு மன்னிப்பு என்று துரைக்கு விளங்கவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.